மரகூனில் இல்லாத எட்டுப் பேர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்றில் நான் பொய் சொன்னேன். நானாக எழுதவில்லை, மகனை எழுத வைத்தேன். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில், ஓய்வு பெறும் வரை மக்கள்தொகையியல் பாடம் நடத்தியவன் நான். கணக்கெடுப்பில் நாம் தரும் பதிலை வேறெந்த அரசு அலுவலகமும் பார்க்க முடியாது, அதனால் பயப்படாமல் உள்ளதைச் சொல்லலாம் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொன்னேன். என் பிள்ளை விஷயம் என்று வந்தபோது நானே அதை நம்பவில்லை.

நடந்தது இதுதான். என் மகன் செந்திலும் அவன் நண்பர்கள் ஏழு பேரும் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது, நகரத்துக்கு வெளியே சில ஆண்டுகள் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ள விசாவில். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு சின்ன ஊரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். ஊரின் பெயரை மாற்றி மரகூன் என்கிறேன். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். வாடகை மரகூனில், வாழ்க்கை மெல்பர்னின் மேற்கே ட்ருகனினாவில். மாதம் ஒருமுறை யாராவது காரில் போய்த் தபாலை எடுத்து, புல்லை வெட்டிவிட்டு வருவார்கள்.

கணக்கெடுப்பு வந்த சமயம் நான் ட்ருகனினாவில் அவனோடு இருந்தேன். "எந்த அட்ரஸ் போடப்பா?" என்று கேட்டான். விசாவில் ஒன்றும் இதில் வேறொன்றும் இருந்தால் மாட்டிக்கொள்வாய், மரகூனையே போடு என்றேன். அதோடு விட்டேனா? அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கு என் குரலிலேயே ஒரு விளக்கம் பதிவு செய்து அனுப்பினேன். பேராசிரியர் சொல்கிறார் என்று அது குழு குழுவாகப் பரவியது. அதே ஊரில் அதே ஏற்பாட்டில் வீடு எடுத்திருந்த இன்னும் சிலரும் அப்படியே எழுதினார்கள். ட்ருகனினா வீட்டுக்கு வந்த கணக்கெடுப்புக் கடிதத்துக்கு, இங்கே யாரும் இல்லை என்று பதில் போட்டோம். போடும்போது எட்டுப் பேரும் அடுப்படியில் தோசைக்குக் காத்திருந்தார்கள்.

அப்போது எனக்கு அது பெரிய தப்பாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் ரேஷன் கார்டில் பெயர் ஒரு ஊரில் இருக்கும், பிழைப்பு திருப்பூரில் இருக்கும், ஓட்டு மூன்றாவது ஊரில் இருக்கும். காகிதத்தில் ஓர் ஊரிலும் உடம்பால் வேறோர் ஊரிலும் இருந்து பழகியவர்கள் நாம்.

ஊர் திரும்பிச் சில காலம் கழித்து, பழைய தொழில் புத்தியில் மரகூனின் கணக்கை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். சுற்றியிருந்த ஊர்களிலெல்லாம் மக்கள்தொகையும் வருமானமும் இறங்கியிருந்தன. மரகூன் மட்டும் இரண்டிலும் ஏறியிருந்தது. அந்த ஏற்றம் யார் என்று எனக்குத் தெரியும். பிறகு செந்தில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். வீட்டைக் காலி செய்யப் போனபோது சொந்தக்காரர் கெவின் சொன்னாராம்: ஊர் வசதியாகிவிட்டது என்று சொல்லி, வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த டாக்டருக்கான அரசு உதவியை நிறுத்திவிட்டார்கள், டாக்டரும் வருவதில்லை என்று.

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

மெல்பர்னில் இறங்கியபோது வசந்த காலம் என்றார்கள். எனக்கு மார்கழியாக இருந்தது. சுங்கத்தில் ஓர் இளம்பெண் என் பெட்டியைத் திறந்து, நார்த்தங்காய் ஊறுகாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது உயிரோடு இருக்கிறதா?" என்றாள். இல்லை, உப்பில் செத்து ஒரு வருஷம் ஆகிறது என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

ட்ருகனினாவில் கிடங்குகளுக்கு நடுவே வீடுகள் முளைக்கின்றன. போன தடவை வயலாகக் கிடந்த இடத்தில் இப்போது ஒரே அச்சில் வார்த்த மாதிரி நான்கு தெருக்கள். செந்திலுக்குக் கல்யாணமாகிவிட்டது. மருமகள் அனிதா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ரசம் வைத்திருந்தாள்.  இரண்டாம் நாள் காலை, மரகூன் போகிறேன் என்றேன்.

செந்தில் காபியைக் கீழே வைத்தான்.

"எதுக்குப்பா?"

"நாம செஞ்சத சொல்லணும்."

"யார்ட்ட?"

"யார் கேட்டாலும்."

"அப்பா, எனக்கு இப்பதான் சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டிருக்கு. நிரந்தரமா தங்குற பி.ஆர். வாங்கினதே அந்த அட்ரஸ வச்சுதான். தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போறீங்களா? ஒங்க மனசாட்சிக்கு என் பாஸ்போர்ட்டுதான் கெடச்சுதா?"

நியாயமான கேள்வி.  அனிதாதான் வழியில் சாப்பிட இட்லி கட்டிக் கொடுத்தாள். "மாமா, சும்மா பாத்துட்டு வந்துருங்க" என்றாள். சும்மா பார்த்துவிட்டு வருவதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை.

பாதி வழி ரயில், மீதி வழி பேருந்து. தண்டவாளத்தில் ஏதோ வேலை என்று ரயிலையும் நடுவில் நிறுத்திப் பேருந்தில் ஏற்றினார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பருமனான மனிதர் இறைச்சியை உள்ளே வைத்துச் சுட்ட ஒரு பலகாரத்தைத் தின்றுகொண்டு, இந்தியாவா, உங்கள் பௌலர்களை எனக்குப் பிடிக்காது என்றார். எங்களுக்குப் பிடிக்கும் என்றேன். அதற்குப் பிறகு நன்றாகப் பேசினார். என் இட்லியில் ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்து, "இதில் ருசியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மிளகாய்ப் பொடியைக் கொடுத்தேன். அடுத்த ஊர் வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பேருந்து மரகூனுக்குள் போவதில்லை. நெடுஞ்சாலைப் பிரிவில் இறக்கிவிட்டு, "நேராக நட, நண்பா. தலையைப் பார்த்துக்கொள்" என்றார் ஓட்டுநர். தலையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று பத்தடி நடந்ததும் தெரிந்தது. மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை குஞ்சு பொரிக்கும் காலமாம். பின்னாலிருந்து பாய்ந்து காதோரம் கொத்தியது. எங்கள் ஊர்க் காக்கை தலையில் தட்டினால் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டுவிட்டு விட்டுவிடலாம். இது துரத்திக்கொண்டே வந்தது. கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்து ஒரு சிவப்பு வண்டி நின்றது.

ஓட்டி வந்தவர் லொரேன். ஊரின் ஒரே கடையும் அவருடையது, தபால் நிலையமும் அதற்குள்தான். அறுபது வயது இருக்கும். கையெல்லாம் சூரியன் சுட்ட புள்ளிகள்.

"யாரைப் பார்க்க வந்தாய்?"

கெவின் வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த பையன்களில் ஒருவனின் அப்பா என்றேன்.

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியே விட்டார். "ஆவிகளுக்கு அப்பா இருக்கிறாரா!" என்று சிரித்தார். "எட்டு என்ஜினியர்கள். ஒருத்தனாவது என் கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கியிருப்பானா? அந்தத் தெருவில் நாங்கள் அதற்கு ஆவி வீடு என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம்."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாது என்று நினைத்தது நாங்கள் மட்டும்தான்.

மதுக்கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை கிடைத்தது. இறைச்சி இல்லாமல் ஏதாவது என்று கேட்டதற்கு, பன்னுக்குள் முட்டையும் சீஸும் பீட்ரூட் துண்டும் வைத்துத் தந்தார்கள். பீட்ரூட் பர்கருக்குள் என்ன செய்கிறது என்று இந்த நாட்டில் யாரும் கேட்டதில்லை போல. நன்றாகவே இருந்தது. கீழே நான்கு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் என் வயது.

மறுநாள் கெவினைப் பார்த்தேன். முன்னாள் ஆட்டுப்பண்ணைக்காரர். சர்க்கரை நோயில் பார்வை மங்கி, ஓட்டுநர் உரிமத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். டாக்டர் இங்கே வந்துகொண்டிருந்தபோது நடந்தே போய்க் காட்டுவார். இப்போது பெரிய ஊருக்குப் போக வேண்டும், யாராவது ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு. காலில் ஒரு புண். கட்டைப் பிரித்துக் காட்டவா என்றார். வேண்டாம் என்றேன். காட்டிவிட்டார்.

என்னைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் அறையையும் காட்டினார். நூலகத்தின் பக்கவாட்டில் ஓர் அறை. பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் எடை பார்க்கும் கருவி, குழந்தைகளுக்கு இரண்டு பொம்மைகள், சுவரில் தடுப்பூசி விளம்பரம்.

"உங்க பையனுங்க நல்ல பையனுங்கதான்" என்றார் கெவின். "வாடகை தவறினதே இல்லை. புல்லையும் ஒழுங்கா வெட்டினானுங்க. ஆள்தான் இல்லை."

அன்று மதியம் லொரேன் கடையில், ரொட்டி வாங்க வந்த இரண்டு பேர் போன பிறகு, எல்லாவற்றையும் சொன்னேன். நான் என்ன படிப்பு சொல்லிக் கொடுத்தவன், என்ன எழுதச் சொன்னேன், குரல் பதிவு உட்பட. டாக்டர் விஷயத்தை மறுபரிசீலனை செய்யக் கேட்டு ஊர் மனுப் போட்டிருந்ததும், நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வியாழக்கிழமை வரப்போவதும் கெவின் சொல்லித் தெரிந்திருந்தது. கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்கிறேன், எங்களைக் கழித்துவிட்டு ஊரைக் கணக்கிடச் சொல்கிறேன் என்றேன். அவர் மகிழ்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன்.

லொரேன் கல்லாப்பெட்டியை ஓங்கிச் சாத்தினார்.

"அதாவது, நாங்கள் நினைத்ததைவிடச் சின்ன ஊர் என்று எழுந்து சொல்வாய். அதுதானே? வங்கியை மூடும்போதும் அதைத்தான் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தை மூடப் பார்த்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். நீங்கள் செத்துக்கொண்டிருக்கும் ஊர் என்று. நீ வேறு விமானம் ஏறி வந்து அதைச் சொல்ல வேண்டுமா?"

"உண்மை அதுதானே?"

"உண்மையா? உன் எட்டுப் பேரைக் கழி. கழித்துவிட்டு, ஆற்றங்கரை கேரவன் பூங்காவில், வண்டி வீடுகளில் குடியிருக்கிறவர்களைக் கூட்டு. இறைச்சி ஆலையில் வேலை பார்க்கிற உன் ஆட்களை. அவர்கள் தினமும் என் கடையில் அரிசி வாங்குகிறார்கள். அவர்களைக் கணக்கில் யார் எழுதினார்கள்?"

என் ஆட்கள் என்றால் யார் என்று கேட்டேன். இலங்கைக்காரர்கள் என்றார். அது வேறு நாடு என்றேன்.

"நீ பேசுகிறதைத்தானே பேசுகிறார்கள்?"

"ஆமாம்."

"அப்புறம் என்ன? போய்ப் பேசு. நான் கதவைத் தட்டினால் விளக்கை அணைத்துவிடுகிறார்கள்."

ஊரே தன்னைத்தானே எண்ணிக்கொண்டிருந்தது. லொரேன்தான் நடத்தினார். அரசாங்கம் எண்ணியது தப்பு என்றால் நாங்கள் எண்ணிக் காட்டுகிறோம் என்று பிடிவாதம். என் தொழில் முதன்முறையாக ஒருவருக்கு உபயோகப்பட்டது. யார் குடியிருப்பவர், யார் விருந்தாளி, வாரம் முழுக்க வெளியூரில் வேலை பார்த்து சனி ஞாயிறு மட்டும் வருபவரை எங்கே சேர்ப்பது என்று நான் விதி சொன்னேன், அவர் திட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். இரண்டு பேருமாகத் தெருத்தெருவாகப் போனோம்.

வருமானத்தை அளக்க எங்கள் துறையில் ஒரு வழி உண்டு. ஊரில் உள்ள எல்லோரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரைப் பார்ப்பது. கணினி வேலைச் சம்பளக்காரர்களை நாங்கள் கூட்டமாகப் பணக்கார முனையில் கொண்டுபோய் நிறுத்தியதில், சின்ன ஊரானதால், நடு ஆள் மாறிவிட்டார். அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் இருந்த அந்த நடு ஆளை நான் மரகூன் முழுக்கத் தேடினேன். நான் பார்த்தவர்கள் ஓய்வூதியத்தில் இருந்தார்கள், அல்லது ஆலையில் பாதி நாள் வேலையில் இருந்தார்கள், அல்லது பிள்ளைகள் மெல்பர்னிலிருந்து அனுப்புவதில் இருந்தார்கள். அவரைப் போல ஒருவர்கூட அங்கே இல்லை.

கேரவன் பூங்காவுக்கு நான் தனியாகப் போனேன். மாலை நேரம். சக்கரம் கழற்றிய வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் ரப்பர் பூட்ஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது. தாளிக்கிற வாசனை. தமிழில் வணக்கம் என்றேன். பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"ஆர் நீங்கள்?" என்றபடி ஒருவர் வெளியே வந்தார். நாற்பதைத் தாண்டியவர், முன்கையில் புதிய தையல் தழும்பு. சிவநேசன். திருநெல்வேலி என்றேன்.

"இந்தியாவோ? கந்தோர் ஆளோ?"

"இல்லை, எந்த அலுவலகமும் இல்லை. பழைய வாத்தியார்."

"அப்ப இருங்கோ, மாஸ்ரர். நிண்டுகொண்டு கதைச்சா நாங்கள் ஏதோ களவெடுத்த மாதிரி இருக்கும்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். மரியாதை என்னவோ இருந்தது. ஆனால் கதவை மட்டும் பின்னால் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். ஊர்க் கணக்கு, டாக்டர், வியாழக்கிழமைக் கூட்டம். உங்களையும் சேர்த்து எண்ணினால் ஊரும் சின்னதாகாது, வசதியான ஊர் என்பதும் நிற்காது என்றேன். அவர் கேட்டுவிட்டு மறுப்பாகத் தலையாட்டினார்.

"போன முறை அரசாங்கம் கணக்கெடுத்த நேரமும் ஒரு பொம்பிளை வந்தவ. ஆரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு லைட்ட நூத்தனாங்கள். எங்கட விசா ஆறு மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிற விசா. பேர எழுதிக் குடுத்தா அது எங்க போகும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"எங்கேயும் போகாது. சட்டப்படி அது ரகசியம்."

"சட்டம்!" என்று சிரித்தார். உள்ளேயிருந்தும் யாரோ சிரித்தார்கள். "இந்தியாவில இருந்து வந்து எங்களுக்குப் புத்தி சொல்லுற ஆக்கள் கனபேர் மாஸ்ரர். நீங்கள் சொல்லுங்கோ, உங்கட பிள்ளை எண்டா எழுதச் சொல்லுவியளோ?"

அதற்குமேல் மறைக்க வழியில்லை. என் பிள்ளை எண்டா என்ன செய்தேன் என்று சொன்னேன். பாடம் நடத்திய வாயாலேயே பொய்யை எழுதச் சொன்னதைச் சொன்னேன்.

சிவநேசன் எழுந்தார். கதவைத் திறந்து, "மலர், இஞ்ச வா, இந்தப் பகிடியக் கேள்" என்றார். அவர் மனைவி வந்தார். "ஐயாவின்ர ஆக்கள் இஞ்ச இல்லாம, இருக்கிறம் எண்டு எழுதிப்போட்டினம். நாங்கள் இருந்துகொண்டு இல்லை எண்டு சொல்லிப்போட்டம். ரெண்டு பக்கமும் தமிழன். இடையில டொக்டர் இல்லாமப் போட்டார்!"

மலர் சிரிக்கவில்லை. அவருக்கும் சர்க்கரை நோய். மாதம் ஒருமுறை ரத்தம் சோதிக்க, சிவநேசன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டிப் போகிறார். "நீங்கள் சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, தேங்காய்ச் சம்பல். மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டேன். மெல்பர்ன் வந்து நான் சாப்பிட்டதில் அதுதான் சாப்பாடு. அனிதா மன்னிக்க வேண்டும்.

கிளம்பும்போது சிவநேசன் சொன்னார்: "பேர் தாறம். எல்லாரும் தாறம். ஆனா ஒண்டு. கூட்டத்தில முதல்ல நீங்கள் எழும்பி, இப்ப எனக்குச் சொன்னதச் சொல்லவேணும். முழுசா. வெள்ளைக்காரர், கந்தோர் ஆக்கள் எல்லார் முன்னாலயும். பயத்த நாங்கள் மட்டும் விடுறதெண்டா ஏலாது, மாஸ்ரர். நீங்களும் விடுங்கோ."

அறைக்கு வந்து செந்திலுக்குப் போன் செய்தேன். சொல்லாமல் செய்வது இரண்டாவது துரோகம் என்று தோன்றியது.

"நான் பேசப் போறேன். உன் பேரச் சொல்ல மாட்டேன்."

"எம் பேர எதுக்குச் சொல்லணும்? வீட்டச் சொன்னா போதாதா? எட்டுப் பேரும் அந்த லீஸ்ல இருக்கோம்."

"இங்க ஒரு அம்மாவுக்கு..."

"எல்லா எடத்துலயும் ஒரு அம்மா இருப்பாங்கப்பா. ஒங்களுக்கு நான் ஒருத்தன்தான்." போனை வைத்துவிட்டான். 

அரைமணி நேரத்தில் எட்டுப் பேரில் இன்னொருவன், இப்போது சிட்னியில் பிளாக்டவுனில் வீடு வாங்கிக் குடியேறிவிட்ட பிரகாஷ், கூப்பிட்டான். ஒரு காலத்தில் என் மாணவன். "சார், ரிட்டயர் ஆன பெறகு ஞானம் வந்தா கோயிலுக்குப் போங்க. எங்க தலைல ஏன் கை வக்கிறீங்க? அன்னிக்கு வாய்ஸ் அனுப்பினது யாரு? நாங்களா கேட்டோம்?" என்று கத்தினான். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்ததற்கு அவர்கள் ஆபத்தில் இருந்தார்கள், இன்றைக்குத் திறப்பதற்கும் அவர்களே ஆபத்தில் இருப்பார்கள். எனக்கு இரண்டு தடவையும் ஒன்றும் இல்லை. அதை நான் நன்றாக யோசித்தேன். யோசித்த பிறகும் பூட்டிய அந்த அறைதான் மனசில் நின்றது. செந்திலுக்காகப் பேசக் கெட்டிக்கார வக்கீல்கள் கிடைப்பார்கள். கெவினுக்கும் மலருக்கும் யாரும் இல்லை.

கூட்டம் தீயணைப்புக் கொட்டகையில் நடந்தது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு மேஜையில் தேநீரும், தேங்காய்த் துருவலில் புரட்டிய கேக் துண்டுகளும். கேரவன் பூங்காவிலிருந்து ஆட்கள் வந்து கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றார்கள். நாற்காலிகள் இருந்தும் உட்காரவில்லை.

நகரத்திலிருந்து வந்த அதிகாரி ஓர் இளம்பெண். பணிவாகப் பேசினார். படம் போட்டு, கோடு மேலே ஏறுவதைக் காட்டினார். வளரும் ஊர்களுக்கான வேறு திட்டங்கள் இருக்கின்றன என்றார். "எந்த ஊர் வளர்கிறது? எனக்கும் சொல்லு, போய்ப் பார்க்கிறேன்" என்று ஒருவர் குரல் கொடுத்தார். சிரிப்பு. நான் எழுந்தேன்.

என் பெயரைச் சொன்னேன். என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னேன். அந்தக் கோட்டில் ஏறியிருக்கும் பகுதியில் என் குடும்பம் இருக்கிறது, அவர்கள் ஒரு நாள்கூட இங்கே படுத்து எழுந்ததில்லை, அப்படி எழுதச் சொன்னவன் நான், மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான் என்றேன்.  முன்வரிசையில் ஒரு பெண் "அட கடவுளே" என்றார். அதிகாரி அவசரமாகக் கையை உயர்த்தினார். தனிப்பட்ட பதில்கள் ரகசியம், பெயர்களையோ முகவரியையோ தான் கேட்கக் கூடாது, தயவுசெய்து சொல்ல வேண்டாம், பழைய கணக்கைத் திருத்தவும் வழியில்லை என்றார். நான் மாணவர்களுக்குச் சொன்ன அதே விதியை ஓர் இளம்பெண் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதை நம்பினார் என்பதுதான் வித்தியாசம்.

"கணக்கைத் திருத்த வேண்டாம்" என்றேன். "எதை வைத்து முடிவு செய்தீர்களோ அது பொய் என்று தெரிந்த பிறகும் அதே முடிவில் இருப்பீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்."

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. உடைந்த ஆங்கிலம்தான், ஆனால் உரத்து வந்தது. "என்ர பேர் சிவநேசன்" என்று தொடங்கித் தகப்பன் பெயர், கேரவன் எண், மனைவியின் பெயர், ஆலையில் எந்தப் பிரிவு, எத்தனை வருஷம் என்று சொன்னார். அதிகாரி பெயர் வேண்டாம் என்று மறுபடி கையை உயர்த்தினார். அவர் கேட்கவில்லை. "நான் சொல்லப் போறன். நான் இஞ்சதான் இருக்கிறன்." அவருக்குப் பக்கத்தில் நின்றவர் தொடங்கினார். அப்புறம் அடுத்தவர். வரிசையாகச் சொன்னார்கள். சிலருக்குக் குரலே எழவில்லை, லொரேன் திரும்பிப் பார்த்து, சத்தமாக, சத்தமாக என்று கையைக் காட்டினார்.

முடிந்ததும் என்னிடம் யாரும் கை குலுக்கவில்லை. அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஒருவர், உங்களால் என் மனைவியை வண்டியில் வைத்துக்கொண்டு ராத்திரி எவ்வளவு தூரம் ஓட்டினேன் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். லொரேன் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "ரொம்ப நேரம் பேசினாய்" என்றார்.

ஊர் எடுத்த கணக்கை மனுவோடு சேர்த்துக்கொள்வதாக அதிகாரி சொல்லிப் போனார். நான் மறுநாள் ட்ருகனினா திரும்பினேன். மீதி நாட்கள் செந்தில் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமானால்கூட அனிதாவிடம் கேட்டான். விமான நிலையத்துக்கு அவனேதான் கொண்டுவந்து விட்டான். பெட்டியை இறக்கி வைத்தான். "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டீங்களா?" என்றான். எடுத்துக்கொண்டேன் என்றேன். அவ்வளவுதான்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் திரும்பி வரவில்லை. அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் மரகூன் காகிதத்தில் வளர்ந்த ஊர்தான். ஆனால் வாரம் ஒரு நாள் ஒரு நர்ஸ் வருகிறார், ரத்தம் எடுக்கிறார், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். அது போதாது என்று லொரேன் அடுத்த மனுவைப் போட்டிருக்கிறார். யார் குடியிருப்பவர் என்ற விதியை இன்னொரு முறை எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டார். அனுப்பினேன். கேரவன் பூங்காவில் விசாவைக் கேட்டு இதுவரை யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்டவில்லை. செந்திலின் குடியுரிமை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வழக்கமாக ஆகிற தாமதமா, என்னால் ஆன தாமதமா, யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அனிதா வீடியோவில் பேசுகிறாள். அவளுக்குப் பின்னால் செந்தில் நடமாடுவது தெரிகிறது. ஒருமுறைகூட அவனைக் கூப்பிடு என்று நான் சொன்னதில்லை. அவன் கோபத்தில் தப்பு இல்லை, அது அவன் உரிமை. வருத்தப்படுகிறீர்களா மாமா என்று போன வாரம் அனிதா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். எழுத வைத்ததற்கு, சாகும்வரை என்றேன். எழுந்து சொன்னதற்கு இல்லை. அவனுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். பின்னால் நடந்துகொண்டிருந்தவன் ஒரு நிமிஷம் நின்றான். பிறகு அடுப்படிப் பக்கம் போனான்.